மறுமொழி: டைவர்டிகுலைடிஸ் – 'பிதுக்கம்' வேண்டாம், 'துருத்துபை' என்போம்

அண்ணாச்சிக்கும் குழு நண்பர்களுக்கும் வணக்கம். டைவர்டிகுலைடிஸ், அதாவது குடல் சுவரிலிருந்து வெளியே துருத்தும் சிறு பைகளில் வரும் அழற்சி, சிறுகுடலில் வந்தால் அதற்குத் தமிழில் என்ன சொல் வைப்பது என்ற நம் பேச்சுக்கு என் பதில் இது.

> குடற்பிதுக்க அழற்சி என்றே வைத்துக்கொள்ளலாமே, எல்லாருக்கும் புரியும்.

புரியும் அண்ணாச்சி, ஆனால் வேறொன்றாகப் புரியும். குடற்பிதுக்கம் என்றால் ஹெர்னியா என்று நலவாழ்வுக் கட்டுரைகளில் எழுதிப் பழகிவிட்டது. எங்கள் குழித்துறைப் பக்கத்து ஆட்கள் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம் போய் ஸ்கேன் எடுத்துவிட்டு, ஆங்கில அறிக்கையோடு திரும்புவார்கள். "இதுல எழுதியிருக்கது என்னவாக்கும்?" என்று கேட்பவரிடம் பிதுக்கம் என்று சொன்னால், எப்போது ஆபரேஷன் என்றுதான் அடுத்த கேள்வி வரும். இந்த நோயில் குடல் ஓட்டை விழாதவரை, வாய்வழி உணவை நிறுத்தி, டிரிப்ஸும் ஆன்டிபயாட்டிக்கும் கொடுத்தே பலரைத் தேற்றிவிடுகிறார்கள். ஓட்டை விழுந்து சீழும் பரவினால்தான் பெரும்பாலும் அந்தத் துண்டை வெட்டி எடுக்க வேண்டிவரும்.

ஸ்கேன் படத்தில் தெரிவதிலிருந்தே சொல்லை எடுக்கலாம் என்பது என் கட்சி. சிறுகுடலுக்கு ரத்தக் குழாய்கள் நுழையும் இடத்தில் தசைச்சுவர் கொஞ்சம் பலவீனமானது. உள்பக்கத்துச் சவ்வு அந்த வழியாக வெளியே துருத்திக்கொண்டு ஒரு பையாகிறது. அதனால்தான் இவை குடலைத் தாங்கும் மடிப்பின் பக்கமாகவே இருக்கும். சி.டி.யில் ஒவ்வொரு வெட்டாக நகர்த்திப் பார்க்கும்போது, குடலை ஒட்டி ஒரு வட்டம், உள்ளே கொஞ்சம் காற்று, கொஞ்சம் நீர். குடலுக்குள் இருக்கும் வரிவரியான மடிப்புகள் அந்த வட்டத்துக்குள் இருக்காது. அழற்சி வந்துவிட்டால் பையின் சுவர் தடிக்கும். சுற்றியுள்ள கொழுப்பு வழக்கமான கருஞ்சாம்பல் நிறத்தில் இல்லாமல், மழைக்கு ஆறு கலங்கியது போல வெண்கீற்றுகளோடு தெரியும். இதற்குக் 'கொழுப்புக் கலங்கல்' என்று வைக்கலாம். குடலுக்கு வெளியே காற்றுக் குமிழி தெரிந்தால் ஓட்டை விழுந்துவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும்.

வலியை மட்டும் வைத்து இந்த நோயைப் பிடிப்பது கடினம். குடல்வால் அழற்சி போலவும் இருக்கும், வயிற்றுப்புண் போலவும் இருக்கும். அல்ட்ராசவுண்டில் குடல் காற்று மறைத்துவிடும். ஆகவே அறிக்கையில் வரும் சொல்லுக்கு இங்கே கனம் அதிகம்.

அதனால் துருத்துபை என்கிறேன். நோய்க்குச் சிறுகுடல் துருத்துபை அழற்சி. வினைத்தொகை என்பதால் நடுவில் 'ப்' மிகாது. தயவுசெய்து 'துருத்துப்பை' என்று ஏற்றிவிடாதீர்கள். சுவரின் எல்லா அடுக்கும் சேர்ந்து துருத்தினால் மெய்த்துருத்துபை, மெக்கல் என்ற உடற்கூறியலாளரின் பெயரில் உள்ள பை அந்த வகை. அது பிறவியிலேயே வருவது, தாங்கும் மடிப்புக்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும். சவ்வு மட்டும் வந்தால் பொய்த்துருத்துபை. பெருங்குடலுக்கும் இதே சொல் அப்படியே பொருந்தும்.

> அழற்சிக்குப் பதில் வீக்கம் போடலாமா? மலையாளத்திலும் அதுதானே?

அக்கா, எல்லைப் பக்கத்தில் இரண்டு மொழிக்காரருக்கும் புரியும் என்று நீங்கள் சொல்வது நியாயம்தான். வாயால் விளக்கும்போது நானும் வீக்கம் என்றுதான் சொல்வேன். ஆனால் எழுத்தில் குடல்வால் அழற்சி, மூட்டழற்சி என்று வரிசையாக இருக்கையில், இது ஒன்று மட்டும் ஏன் விலக வேண்டும்? தவிர, வீக்கம் என்று எழுதிவிட்டால் கட்டி என்று எடுத்துக்கொண்டு பயந்துவிடுவார்கள்.

சி.டி. ஸ்கேனுக்குப் புதுச்சொல் இப்போது தேட வேண்டாம், ஊரே அதைச் சொல்கிறது.

சரி, சிறுகுடலின் நடுப்பகுதியான ஜெஜுனத்துக்கு நம் சொற்பட்டியலில் 'நடுச்சிறுகுடல்', 'இடைச்சிறுகுடல்' என்று இரண்டு கிடக்கின்றன. இந்தப் பைகள், சிறுகுடலின் தொடக்கப் பகுதியான டியோடினத்தை விட்டால், அதிகம் வருவது அங்கேதான். எதை வைத்துக்கொள்வது என்று முடிவு சொல்லுங்கள், பதிவைத் திருத்திவிடுகிறேன்.

அன்புடன்,
குழித்துறையிலிருந்து