வலிப்பு மாதிரி வரும், ஆனால் வலிப்பு இல்லை: நேரில் பார்த்ததைச் சொல்லுங்கள்

இ.இ.ஜி. டெக்னீஷியன், நாகர்கோவில்
ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை. மூளை அலையையும் வீடியோவையும் சேர்த்துப் பதியும் வீடியோ இ.இ.ஜி. ஓடும்போதே வந்துவிட்டது. கண் இறுக்க மூடி, தலை இடமும் வலமும் ஆட, நாலு நிமிஷம் விட்டுவிட்டு உதறல். உதறல் ஓய்ந்த இடைவெளியில் எல்லாம் திரையில் விழித்திருப்பவரின் ஆல்பா அலை. வலிப்பில் பெரும்பாலும் கண் திறந்திருக்கும், 2 நிமிஷத்துக்குள் அடங்கும். இது வலிப்பு இல்லை என்றதும், அப்பா சாவிக்கொத்தைப் பிள்ளையின் கையில் திணித்துக்கொண்டே "அப்ப நடிக்குதா?" என்று கேட்டார். பிள்ளைக்குக் காது கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கண்ணோரம் நீர் வழிந்தது.

ஆசிரியர், தக்கலை
நடிப்பு இல்லை, சரி. ஆனால் ஆஸ்பத்திரியில் "கண்டுக்காதீங்க" என்று எழுதிக் கொடுத்து அனுப்புகிறார்களே, அது கொடுமை. பிரேயரில் விழுந்த பிள்ளையை நாற்பது பேர் பார்க்க எப்படி விடுவது?

உளவியல் ஆலோசகர், மார்த்தாண்டம்
சாரே, கைவிடச் சொல்லவில்லை. அடிபடாமல் ஒருவர் பக்கத்தில் இருந்தால் போதும். விசிறல், தடவல், கூப்பாடு வேண்டாம். மருத்துவருக்குக் காட்ட ஒரு வீடியோ எடுத்தாகிவிட்டால் மறுபடி எடுக்க வேண்டாம். அடங்கியதும் விட்ட கணக்கைத் தொடரச் சொல்லுங்கள். வீட்டுக்கு அனுப்ப அனுப்பத்தான் மூளை இந்தப் பழக்கத்தை இன்னும் ஆழமாகப் படித்துக்கொள்கிறது. காலையில் "மக்களே, இன்னிக்கி வருமா?" என்று கேட்பதும் அப்படித்தான். பயந்து எதிர்பார்ப்பதே அதை இழுத்து வரும்.

அமெரிக்காவில் அலபாமா பல்கலைக்கழகத்தின் பர்மிங்காம் வளாகத்தில் ஆரன் ஃபோபியன் குழு இதற்கென வகுத்த ரியாக்ட் என்ற சிகிச்சை முறையில் வாரம் 1 வீதம் 8 அமர்வு. முதலில் பெற்றோரையும் உட்காரவைத்து விளக்கம். பிறகு எதிர்ச்செயல். அறிகுறிகளை வரும் வரிசையிலேயே பிள்ளை எழுத வேண்டும்: படபடப்பு, விரல் துடிப்பு, கண் சொருகல். ஒவ்வொன்றுக்கும் அதோடு சேர்ந்து நடக்கவே முடியாத ஒரு செயல். மூச்சு வேகமானால் மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட நீளமாக விடுவது. விரல் துடித்தால் உள்ளங்கையை மேசையில் விரித்து அழுத்துவது. கண் சொருகினால் சுவரில் உள்ள எழுத்தை வாய்விட்டு வாசிப்பது. பலரும் கோட்டைவிடுவது ஒரே இடத்தில்: உதறல் முற்றிய பிறகு தொடங்குவது. முதல் அறிகுறியிலேயே செய்ய வேண்டும். அதற்கு நன்றாக இருக்கும் நாளிலும் பழகியிருக்க வேண்டும். 2020-ல் வெளியான அவர்களது ஆய்வில் இந்தச் சிகிச்சை பெற்ற ஒருவருக்கும் முடிந்த அடுத்த 7 நாளில் வரவில்லை. சிறிய ஆய்வுதான், ஆனாலும் எனக்கு நம்பிக்கை உண்டு.

மருந்தாளுநர், குலசேகரம்
ஒன்று விட்டுப்போச்சு. "வலிப்பு இல்லை" என்ற சொல்லைக் கேட்டதும் சோடியம் வால்ப்ரோயேட் என்ற வலிப்பு மருந்தை அன்றைக்கே நிறுத்திவிட்டு, மீதி அட்டையைத் திருப்பிக் கொடுக்க ஒரு அம்மா வந்தார். வாங்காமல் திருப்பி அனுப்பினோம். வலிப்பும் இதுவும் சேர்ந்து இருக்கும் பிள்ளைகளும் உண்டு. நரம்பியல் மருத்துவர் சொல்லி, அளவைப் படிப்படியாகக் குறைத்துத்தான் நிறுத்த வேண்டும்.