482 என்று தேடினால் முன்ஜாமீன் உத்தரவுகளாக வருகின்றன

ஜெயநகர் ஜூனியர்:
பெங்களூரு ஹைகோர்ட்டில் குவாஷ் மனு, அதாவது எஃப்ஐஆரை ரத்து செய்யக் கோரும் மனு, போடணும். கடன் பாக்கிதான் விவகாரம். அதை 420 (ஏமாற்றுதல்) என்று எஃப்ஐஆர் ஆக்கியிருக்கிறார்கள். இலவசத் தீர்ப்புத் தேடல் தளமான இண்டியன் கானூனில், குவாஷுக்கான பிரிவு என்று 482 போட்டால் முன்ஜாமீன் உத்தரவுகளும் கலந்து வருகின்றன. எஸ்சிசி ஆன்லைன் என்ற கட்டணத் தீர்ப்புத் தளத்தின் சந்தா இல்லாமல் சமாளிக்க வழி உண்டா?

மல்லேஸ்வரம் வக்கீல்:
தம்பி, எண்ணை விடுங்க, வாசகத்தைப் பிடிங்க. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் குவாஷ் அதிகாரம் 482. 2024 ஜூலை 1-லிருந்து அது புதுச் சட்டமான பிஎன்எஸ்எஸ்ஸில் 528. அங்கே 482 என்றால் முன்ஜாமீன், அதாவது பழைய 438. ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்ததா என்பதுதான் உங்க வழக்கின் உயிர். ஹிருதய ரஞ்சன் பிரசாத் வர்மா என்ற சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, 2000, 4 எஸ்சிசி 168 பாருங்க. 'டிஸ்ஹானஸ்ட் இன்டென்ஷன்' (நேர்மையற்ற எண்ணம்), 'இன்செப்ஷன்' (தொடக்கம்) இரண்டையும் தனித்தனி இரட்டை மேற்கோளில் ஆங்கிலத்தில் அடிச்சு, நடுவில் பெரிய எழுத்தில் ஆண்ட் போடுங்க, கடைசி டி இரண்டு தடவை, அதாவது ANDD. ஒரே டி போட்டால் அதையும் சாதாரணச் சொல்லாகத்தான் எடுத்துக்கும். பிறகு கர்நாடகா என்று கோர்ட்டைச் சுருக்குங்க. முன்ஜாமீன் என்ற சொல்லையே விலக்கிடாதீங்க. நல்ல குவாஷ் தீர்ப்புகளிலும் 'மனுதாரர் முன்ஜாமீனில் இருக்கிறார்' என்று ஒரு வரி இருக்கும், அதுவும் சேர்ந்து போயிடும்.

சிவில் லைன்:
கிடைத்த தீர்ப்பு இன்னும் உயிரோடு இருக்கிறதா என்று பார்ப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். விசாரணைக்கு இடைக்காலத் தடை கேட்பீர்கள் அல்லவா? ஏஷியன் ரீசர்ஃபேசிங் என்ற சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு, 2018: ஆறு மாதத்தில் தடை தானாக விலகும் என்றது. 2024 பிப்ரவரி 29-இல் ஐந்து நீதிபதிகள் அமர்வு அதை மாற்றிவிட்டது. பழைய தீர்ப்பின் வாசகத்தில் இது எப்படித் தெரியும்? 'சைட்டட் பை' பட்டியலை, அதாவது அதைப் பின்னர் மேற்கோள் காட்டிய தீர்ப்புகளின் பட்டியலை, திறந்து, புதியது மேலே வரும்படி அடுக்கி, பெரிய அமர்வுகளை முதலில் படியுங்கள். சந்தாத் தளங்களுக்குக் கொடுக்கும் காசு பெரும்பாலும் இந்த ஒரு வேலைக்குத்தான். ஆசிரியர் குழு 'ஓவர்ரூல்ட்' (பின்னர் மாற்றப்பட்டது) என்று குறித்து வைத்திருக்கும். சங்க நூலகத்தில் மனுபத்ராவோ எஸ்சிசியோ இருந்தால் இறுதிச் சரிபார்ப்பை அங்கே முடியுங்கள்.

மல்லேஸ்வரம் வக்கீல்:
சார் சொல்றது ரொம்பச் சரி. இன்னொண்ணு, சாட்பாட் தரும் சைட்டேஷனை (தீர்ப்புக் குறிப்பை) அப்படியே மனுவில் ஏற்றாதீங்க. பெயர், வருடம், பக்கம் எல்லாம் கச்சிதமா இருக்கும், தீர்ப்பே இருக்காது. சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு என்றால் அதன் இலவச டிஜிட்டல் எஸ்சிஆர் தளத்தில் பிடிஎஃப் எடுத்து, மேற்கோள் காட்டும் பத்தி நீதிபதியுடையதா, ஹெட்நோட்டா (தலைப்பில் ஆசிரியர்கள் எழுதும் சுருக்கம்), வக்கீல் வாதத்தின் சுருக்கமா என்று பார்த்துட்டு பத்தி எண்ணோடு போடுங்க.