உதவி: நாத்து நெட்டையா போகுது, இலை வெளுத்துருச்சு. அவசரம்

மொளகாக்காடு · ஏப்ரல் 9, இரவு 10.40
ஏனுங்க, நாத்து பூராம் இழுத்துகிட்டுப் போகுது. இலை வெளுத்துருச்சு, தண்டு நூலாட்டம் இருக்குது, தண்ணி ஊத்துனா சாயுது. தண்ணி, உரம் எல்லாம் கரெக்டாத்தான் போகுது. இன்னும் பத்து நாள்ல நடவு. என்ன மருந்து அடிக்கிறது?

கோபி_வயல்
என்ன நாத்துங்க? எத்தனை நாள் ஆச்சு? ஒரு போட்டோ போடுங்க.

பஞ்சகவ்யா_பிரியன்
எந்த நாத்தா இருந்தா என்னங்க. பத்து லிட்டர் தண்ணிக்கு 300 மில்லி பஞ்சகவ்யா, பொழுதோட அடிங்க. மூணே நாள்.

தாராபுரத்தான்
தேங்காய் நார்க்கழிவுல போட்டிருந்தா அதுல இருக்கற உப்புதான் காரணம். கழுவாத நார்க்கழிவு என்ற 40 தட்டைக் காலி பண்ணுச்சு. நூத்துக்கு நூறு அதேதான்.

மொளகாக்காடு
பேருலயே இருக்குதேன்னு விட்டுட்டனுங்க. மொளகாதான், 98 குழித்தட்டு, 26 நாள். நார்க்கழிவு மூணு தண்ணில கழுவுனது. நிழல்வலைக்குள்ளதான் இருக்குது.

பயிர்ப்பாடம்
இங்க வர்ற பாதிக் கேள்வி இப்படித்தான். நோவு என்னன்னு சொல்லாம மாத்திரை கேக்கறது. வலை எத்தனை சதம் நிழல், 35-ஆ, 50-ஆ, 75-ஆ? எத்தனை அடுக்கு?

மொளகாக்காடு
75-ங்க. வெயில் 39 தொட்டுச்சுன்னு போன வாரம் ரெண்டாவது அடுக்கும் போட்டேன். தென்னந்தோப்புக்குள்ளதான் தட்டு அடுக்கிருக்கேன்.

பயிர்ப்பாடம்
அப்ப மருந்து எதுக்கு? உச்சி வெயில் வெளிச்சத்தை அளந்தா சுமார் ஒரு லட்சம் லக்ஸ். முதல் வலை தாண்டுனா 25,000, ரெண்டாவது தாண்டுனா ஆறாயிரத்துச் சொச்சம். அதுலயும் தென்னை ஓலை பாதியைப் பிடிச்சுக்கும். ஓலை சிவப்பு ஒளியைத் தின்னுட்டு, அதுக்கு அடுத்து நம்ம கண்ணுக்குச் சரியாத் தெரியாத தூரச்சிவப்பைக் கீழ விடும். "மேல யாரோ நிக்கறாங்க"ன்னு செடிக்குத் தெரிஞ்சு கழுத்தை நீட்டும். அதுதான் உங்க நெட்டை.

இலைக்கு வேலை பகல்ல மட்டும், சாப்பாடு இருபத்திநாலு மணி நேரமும். ஆயிரம் லக்ஸ் பக்கம் வந்தா சம்பாதிக்கறதும் திங்கறதும் சரியாப் போயிரும். சூடு பத்து டிகிரி ஏறுனா மூச்சுச் செலவு சுமார் ரெண்டு மடங்கு. வெளிச்சம் குறைஞ்ச இடத்துல சூடும் சேர்ந்தா மிச்சம் என்ன இருக்கும்? பத்தாங்கிளாஸ் பாடம்.

உடுமலை_சோளம்
சூடு ஏறுனா செடி கெட்டுப் போகும்னா என்ற மக்காச்சோளம் 39-லயும் கத்தியாட்டம் நிக்குதே? புஸ்தகம் படிச்சே பேசறீங்க.

பயிர்ப்பாடம்
மக்காச்சோளம், கரும்பு வேற சாதிங்க. கரியமில வாயுவை அமுக்கிக் குடுக்கற ஏற்பாடு அதுங்க இலைக்குள்ளயே இருக்குது. மொளகா, தக்காளி, நெல்லுக்கு அது இல்லை. சூட்டுல அதுங்க நொதி கரியமில வாயுவுக்குப் பதிலா ஆக்சிஜனைப் பிடிச்சுகிட்டு, சேர்த்ததுல ஒரு பங்கைத் திருப்பி விட்டுரும். சந்தேகம் இருந்தா நான் போன வருசம் எழுதுனதைத் தேடிப் படிங்க.

பஞ்சகவ்யா_பிரியன்
ராத்திரி செடி மூச்சு விடறது எல்லாத்துக்கும் பொது இல்லைங்க. அரசமரம் ராத்திரியும் ஆக்சிஜன் விடும். அதனாலதான் புளியமரத்தடில படுக்காதேன்னாங்க, அரசமரத்தடில மேடை கட்டுனாங்க.

பயிர்ப்பாடம்
எந்த மரமும் விடாது. ஆக்சிஜன் தண்ணியைப் பிளந்து வர்றது, அதுக்கு வெளிச்சம் வேணும். 1779-லயே இங்கென்ஹவுஸ்ங்கிற டச்சு வைத்தியர் இருட்டுல செடி காத்தைக் கெடுக்குதுன்னு சோதிச்சு எழுதிட்டார். அதுக்காகப் புளியமரத்தடில படுத்தா சாவு வராது, வெட்டவெளில காத்து கலந்துரும். எறும்பு வேணா கடிக்கும்.

தாராபுரத்தான்
கத்தாழை ராத்திரி வேலை செய்யும்னு படிச்சிருக்கேனே?

பயிர்ப்பாடம்
அது கரியமில வாயுவை ராத்திரி வாங்கிப் புளிப்பா வெச்சுக்கும், ஆக்சிஜன் விடறது பகல்லதான். ரணகள்ளியும் அதே சாதிதான், அந்த இலையை வெடிஞ்சதும் கிள்ளி நாக்குல தொட்டுட்டுத் துப்புங்க, புளிக்கும். பொழுதோட தொட்டா சப்புன்னு இருக்கும்.

பஞ்சகவ்யா_பிரியன்
பெரியவங்க சொன்னது எதுவும் சும்மா இல்லைங்க. அவ்வளவுதான் சொல்லுவேன்.

கோபி_வயல்
மரத்தை விடுங்கப்பா, அவர் நாத்து சாகுது. தம்பி, ரெண்டாவது அடுக்கு போட்டு ஒரு வாரம்தானே ஆச்சு? நூலாட்டம் ஆகறதுக்கு அது மட்டும் பத்தாது. காலைல வலைக்குள்ள வெளிச்சம் எப்படி?

மொளகாக்காடு
மயில் தொல்லைங்க. நாத்துப் போட்டதுல இருந்தே பொழுதோட அஞ்சு மணிக்குத் தார்ப்பாய் போட்டு மூடிருவேன். வெடியால கறந்து, சொசைட்டில பால் ஊத்திட்டு வந்து எடுக்க ஒன்பதரை ஆயிரும். அதுக்கும் இதுக்கும் என்ன?

கோபி_வயல்
அடக் கடவுளே. ஆறேகால்ல இருந்து ஒன்பதரை வரைக்கும்தான் இந்த மாசத்துல மொளகாக்கு நல்ல நேரம். வெளிச்சம் இருக்குது, சூடு இல்லை. அதை இருட்டுல வெச்சுட்டு, உள்ள புழுங்க விட்டு, சூடு ஏறுன பிறகு திறந்து விடறீங்க. மேல் அடுக்கை எடுத்துருங்க. தட்டைத் தோப்பை விட்டு வெளிய கொண்டுவாங்க. 75-ஐ மாத்தி 50 கட்டுங்க, நடவுக்கு முன்னால அதையும் கொஞ்சங் கொஞ்சமா விலக்குங்க. ஒரே நாள்ல முழு வெயில்ல வெச்சா வெந்துரும். யூரியா கீரியா கை வெச்சுறாதீங்க, இன்னும் இழுக்கும்.

உடுமலை_சோளம்
மயிலுக்கு வேற வழி இருக்குது, தனியாச் சொல்றேன்.

தாராபுரத்தான்
வேண்டாங்க. 1972 வனவிலங்குச் சட்டத்துல மயில் அட்டவணை ஒண்ணு. ஜெயில்.

மொளகாக்காடு · ஏப்ரல் 22
தார்ப்பாய் எடுத்துட்டேன், சுத்தி மீன்வலை கட்டிட்டேன். புது இலை பச்சையா வருது. பழைய தண்டு அப்படியேதான், முப்பது தட்டுல ஒன்பது தேறாது. நடவு தள்ளிப் போட்டாச்சு. நன்றிங்க.

உடுமலை_சோளம்
மீன்வலை எங்க வாங்குனீங்க? கிலோ என்ன விலை?

உடுமலை_சோளம் · மே 3
ஏனுங்க, இருக்கீங்களா?