வேப்பமரத்தில் ஏற யாரை விடுவது? 3,500 கேட்பவரா, 14,000 கேட்பவரா?

மன்னை வீடு (கேள்வி)

மன்னார்குடி பக்கம் எங்கள் பூர்வீக வீடு. அப்பாவும் அம்மாவும் மட்டும் அங்கே இருக்கிறார்கள், நான் திருச்சியில். வாசலில் தாத்தா நட்ட வேம்பு, நாற்பது அடி உயரம் இருக்கும். மூன்று கொப்பு ஓட்டுக்கு மேல் வந்துவிட்டது. ஒன்று தெருப்பக்கம் கரண்டு கம்பியை உரசுகிறது. காற்றடித்தால் ராத்திரியில் பொறி பறக்கிறது என்கிறார் அம்மா.

மரத்தை எடுக்க மனசில்லை. ஐப்பசி மழைக்கு முன்னால் கொப்பை மட்டும் கழிக்க ஆள் தேடினேன். முதலில் வந்தவர் 3,500 ரூபாய் கேட்டார். கையில் பவர் ரம்பம், காலில் ரப்பர் செருப்பு, தோளில் ஒரு நைலான் கயிறு. கூட வந்த பையனுக்கு மீசைகூட முளைக்கவில்லை. "ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்குள்ள முடிச்சிடலாம், கம்பியைப் பார்த்து வெட்டிக்கலாம்" என்றார். இரண்டாவது ஆள் 14,000 கேட்கிறார். நான்கு பேர், ஒன்றரை நாள் வேலை. லைனை நிறுத்தாமல் தெருப்பக்கக் கொப்பைத் தொடவே மாட்டேன் என்கிறார்.

"காலங்காலமா மரம் ஏறுறவனுக்கு நீ பாடம் எடுக்காதே" என்று அப்பா சத்தம் போடுகிறார். அந்தப் பையன் முகம்தான் எனக்குக் கண்ணிலேயே நிற்கிறது. இந்த வேலை தெரிந்தவர்கள் சொல்லுங்கள், எதைப் பார்த்து ஒருவரை மரத்தில் ஏற விடுவது?

கொப்புக்காரன்

தங்கச்சி, 26 வருஷமாக இதுதான் எனக்குச் சோறு போடுகிறது. அப்பா சொல்வதில் பாதி சரி. ஏறுவது நம் ஆட்களுக்குப் புதிதில்லை. ஆனால் ஏறத் தெரிவது வேறு, மேலே நின்று மெஷின் பிடிக்கத் தெரிவது வேறு. முழு வேகத்தில் அந்தச் செயின் நொடிக்கு 20 மீட்டர் ஓடும். ரம்பத் தகட்டு நுனியின் மேல்பாதி ஒரு குச்சியில் பட்டால் போதும், மாடு உதைக்கிற மாதிரி முகத்துக்கு நேராக எகிறும். தரையில் நின்றால் விலகலாம். கவட்டையில் நிற்பவன் எங்கே விலகுவான்?

2018 நவம்பர் 16 கஜா அடித்ததே, அதற்கு முன் எங்கள் சுற்றுவட்டாரத்தில் மெஷின் வைத்திருந்தவர்களை விரல் விட்டு எண்ணலாம். விழுந்த தென்னையை அறுக்க எல்லோரும் கடன் வாங்கி ரம்பம் வாங்கினார்கள். தரையில் கிடக்கிற மரத்தை அறுத்துப் பழகியவர்கள் அதே கையோடு மேலே ஏற ஆரம்பித்தார்கள். கற்றுக்கொடுக்க ஆள் இல்லை. கடைக்காரர் பெட்ரோலில் எவ்வளவு ஆயில் கலக்க வேண்டும் என்று சொல்லியிருப்பார், அவ்வளவுதான் பாடம். லைசென்ஸ், சர்டிபிகேட் எதையும் யாரும் கேட்பதில்லை.

என் மச்சானுக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு பழைய மாமரம். தொடை கனத்துக்கு ஒரு கொப்பு. எனக்கு அவசரம், அடுத்த வேலைக்கு வண்டி காத்திருந்தது. "மேலேயிருந்து ஒரே அறுப்பா அறுத்துடு" என்று கீழே நின்று கத்தியது நான்தான். முக்கால்வாசி அறுபட்டதும் கொப்பு தொங்கியது, ஆனால் விழவில்லை. அடிப்பட்டை கிழிந்து மரத்தோடு ஒட்டிக்கொண்டே இறங்கியது. துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். அப்புறம் கொப்பின் அடி ஊஞ்சல் மாதிரி திரும்பி அவன் விலாவில் இடித்தது. கயிறு கட்டியிருந்ததால் விழவில்லை. ஆனால் தலை தொங்கிவிட்டது, மெஷின் பக்கத்தில் ஓடிக்கொண்டே ஆடியது. கீழே நாங்கள் மூன்று பேர். எங்களில் ஒருவருக்கும் அவனை எப்படி இறக்குவது என்று தெரியவில்லை. ஏணி தேடி, கயிற்றை அவிழ்த்து, தரைக்குக் கொண்டுவர இருபது நிமிஷத்துக்கு மேல் ஆனது. பிழைத்துவிட்டான். ஆனால் இன்றைக்கும் குனிந்து ஒரு குடம் தண்ணீர் தூக்க முடியாது.

செய்ய வேண்டியது இதுதான். மரத்திலிருந்து ஓர் அடி தள்ளி, முதலில் கீழேயிருந்து கொப்பின் கனத்தில் கால்வாசிக்கு அறுக்க வேண்டும். பிறகு அதற்குச் சற்று வெளியே தள்ளி மேலேயிருந்து. கொப்பு சுத்தமாக முறிந்து விழும், பட்டை கிழியாது. கடைசியில் மிச்சக் கட்டையை, கொப்பு மரத்தோடு சேரும் இடத்தில் வீங்கினாற்போல் வளையம் இருக்கும் பாருங்கள், அதற்கு வெளியே ஒட்டி எடுக்க வேண்டும். வளையத்தை விட்டுவைத்தால்தான் காயம் மூடும். மூன்று அறுப்புக்கும் சேர்த்து ஐந்து நிமிஷம் கூடுதல். அந்த ஐந்து நிமிஷத்தைத்தான் நான் மிச்சம் பிடித்தேன்.

அதனால் வருகிறவரிடம் விலைக்கு முன்னால் ஒன்று கேளுங்கள்: "மேலே நீங்க மயங்கிட்டா உங்களை யார் ஏறி இறக்குவாங்க?" தெரிந்தவர் உடனே ஆளைக் காட்டுவார். தெரியாதவர் சிரிப்பார். பெல்ட் இடுப்பில் மட்டுமா, தொடை, தோள் எல்லாம் பிடிக்கிறதா என்று பாருங்கள். இடுப்பில் மட்டும் கட்டிய கயிற்றில் தொங்கினால் மூச்சு அடைக்கும். மெஷின் ஓடும்போது இரண்டு இடத்தில் கட்டியிருக்க வேண்டும், ஒரு கயிறு அறுபட்டாலும் இன்னொன்று தாங்கும். அப்புறம், கொப்பில் கதண்டுக் கூடு, அதாவது விஷக்குளவிக் கூடு, இருக்கிறதா என்று கீழேயிருந்து சுற்றி வந்து பார்த்தாரா? நம் பக்கத்தில் கதண்டு கொட்டியே ஆள் போயிருக்கிறது. கூடு இருந்தால் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லுங்கள், அவர்கள் வந்து எடுப்பார்கள்.

14,000 அதிகம் இல்லை. நானும் கிட்டத்தட்ட அதுதான் கேட்பேன்.

ஓய்வு லைன்மேன்

கம்பி விஷயத்தை மட்டும் சொல்கிறேன். "பார்த்து வெட்டிக்கலாம்" என்று யார் சொன்னாலும் வாசலோடு அனுப்பிவிடுங்கள். பச்சைக் கொப்பில் கரண்டு பாயும், மழை ஈரம் இருந்தால் கேட்கவே வேண்டாம். தெருவில் போவது 11,000 வோல்ட் லைனாக இருந்தால் தொடக்கூட வேண்டாம், கிட்டே போனாலே இழுக்கும்.

உங்கள் மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுங்கள். வாரியத்தின் புகார் மையமான மின்னகத்துக்கு, 94987 94987, போன் செய்தும் பதிவு செய்யலாம். கம்பியை உரசும் கொப்பை வெட்டுவது வாரியத்தின் பராமரிப்பு வேலைதான், பல இடங்களில் அவர்களே வந்து கழித்துவிடுவார்கள். உங்கள் ஆளே வெட்டுவதாக இருந்தால் லைன்மேன் எல்.சி. (லைனை நிறுத்தி வேலை செய்ய அனுமதி) வாங்கி, லைனை எர்த் செய்து, "ஏறலாம்" என்று வாயால் சொன்ன பிறகுதான் ஏற வேண்டும். வீட்டில் லைட் அணைந்ததைப் பார்த்து ஏறக் கூடாது. எதிர்வீட்டில் யாராவது ஜெனரேட்டரைத் தப்பாக இணைத்திருந்தால் அந்தக் கரண்டு திரும்பி இதே கம்பிக்கு வரும். எர்த் போடுவதே அதற்காகத்தான். என்னோடு வேலை பார்த்த ஒருவரை அப்படித்தான் இழந்தோம்.

தேம்ஸ் கரை

நான் லண்டனில் இதே தொழிலில் ஒன்பது வருஷமாக இருக்கிறேன். இங்கும் 'ட்ரீ சர்ஜன்' என்று வண்டியில் எழுதிக்கொள்ள லைசென்ஸ் வேண்டாம், கதவைத் தட்டி அரை விலைக்கு வெட்டித் தருகிறேன் என்பவர்கள் இங்கும் உண்டு. ஆனால் தொழிலாக ரம்பம் பிடிப்பவர் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று வேலைக் கருவிகள் பற்றிய இங்குள்ள 1998 விதிகளே சொல்கின்றன. ஏறும் கயிறு, பெல்ட் எல்லாவற்றையும் தகுதியுள்ள ஒருவர் 6 மாதத்துக்கு ஒரு முறை சோதித்து எழுதித் தர வேண்டும். ரம்பம் பிடிக்கும்போது போடும் பேன்ட்டுக்குள் நீளமான இழைகள் அடுக்கியிருக்கும். செயின் பட்டால் அந்த இழைகள் பல்சக்கரத்தில் சிக்கி மெஷினை நிறுத்திவிடும்.

கொப்புக்காரன் அண்ணன் சொன்ன கேள்வியைப் படித்ததும் எனக்குச் சிலிர்த்துவிட்டது. இங்கே மரம் ஏறும் பரீட்சையும் மேலே அடிபட்டவரை இறக்கும் பரீட்சையும் ஒன்றுதான், சி.எஸ். 38 என்பார்கள். இறக்கத் தெரியாதவருக்கு ஏறும் சர்டிபிகேட்டே கிடையாது.

மன்னை வீடு

எல்லோருக்கும் நன்றி. இரண்டாவது ஆளிடம் அந்தக் கேள்வியைக் கேட்டேன். தன் தம்பியைக் காட்டினார், அவரும் ஏறுவாராம், அவருக்கும் தனி பெல்ட் இருக்கிறது. பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்தாயிற்று, வியாழக்கிழமை லைனை நிறுத்தித் தருகிறேன் என்றிருக்கிறார்கள். அப்பாவிடம் இந்தப் பக்கத்தை அப்படியே வாசித்துக் காட்டினேன். மாமரக் கதை வந்ததும் ஒன்றும் பேசாமல் எழுந்து போய் மரத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார்.

முதலில் வந்தவருக்குப் போன் செய்து வேண்டாம் என்றேன். கோபப்படவில்லை. "யார்க்கா எனக்குச் சொல்லிக்கொடுத்தா?" என்றார். அவரும் கஜாவுக்குப் பிறகுதான் மெஷின் வாங்கினாராம். அந்தப் பையன் அவர் அக்கா மகன். இவர்கள் எங்கே போய்க் கற்றுக்கொள்வது, கொப்புக்காரன் அண்ணா?

கொப்புக்காரன்

தென்னைக்கு வழி இருக்கிறது. தென்னை வளர்ச்சி வாரியம் 2011 முதல் தென்னை மர நண்பர்கள் என்று பயிற்சி தருகிறது. ஏறும் கருவியில் பழக்கி, இன்சூரன்ஸும் போட்டுத் தருகிறார்கள். எங்கள் வேலைக்கு அப்படி ஒரு பள்ளிக்கூடம் நம் பக்கத்தில் நான் பார்க்கவில்லை. ஒரு ஆளுக்குக் கீழே இருந்துதான் பழக வேண்டும்.

அவரை வரச் சொல்லுங்கள். முதல் ஆறு மாசம் தரையில் நின்று கயிறு பிடிக்கட்டும், ஆளை இறக்கப் பழகட்டும், ஒரு ஆள் கூலி கொடுத்துவிடுகிறேன். பையனை மட்டும் மரத்தடிக்குக் கூட்டிவர வேண்டாம் என்று சொல்லுங்கள். என் நம்பரைத் தனிச் செய்தியில் அனுப்பியிருக்கிறேன்.