விலை கூடிய ஐஸ் பெட்டியும் சாதா பெட்டியும் ஒரே குளிர்தான் காட்டுகின்றன, எங்கே தப்பு?

வெயில்வாசி:
என்னிடம் 40 லிட்டர் ஐஸ் பெட்டி இரண்டு இருக்கின்றன. ஒன்று சாதா பிளாஸ்டிக். இன்னொன்று அதைப்போலப் பல மடங்கு விலை, சுவர் மட்டும் 5 செ.மீ. கனம். இரண்டிலும் 6 கிலோ ஐஸும் 330 மி.லி. கேன் பன்னிரண்டும் போட்டு, நிழலில் 8 மணி நேரம் வைத்து, மணிக்கொரு தரம் திறந்து தெர்மாமீட்டரில் பார்த்தேன். கேன்கள் குளிர்ந்த பிறகு கடைசிவரை இரண்டிலும் 1, 2 டிகிரிதான். இதில் வேடிக்கை என்னவென்றால், முதல் மணி நேரத்தில் விலை கூடிய பெட்டியில்தான் ஐஸ் அதிகம் உருகின மாதிரி இருந்தது. பெட்டிக்குக் காசு கொடுத்தாயா, பெயருக்கா என்று தம்பி கேட்டுக்கொண்டே இருக்கிறான். ஏமாந்துவிட்டேனா, அளந்த விதம் தப்பா?

பழைய மெக்கானிக்:
நீங்கள் அளந்ததுதான் தப்பு. ஐஸும் தண்ணீரும் கலந்து கிடக்கும்வரை அது 0 டிகிரியை விட்டு அவ்வளவாக நகராது. உள்ளே வருகிற வெப்பமெல்லாம் ஐஸை உருக்கவே செலவாகிவிடும், ஒரு கிலோ உருக 334 கிலோஜூல் வேண்டும். அதனால் போதிய ஐஸ் இருக்கிற வரைக்கும் எவ்வளவு மட்டமான பெட்டியிலும் கேன் ஜில்லென்றுதான் இருக்கும். எதில் ஐஸ் முதலில் தீர்கிறது, அதுதான் கேள்வி. அதற்குத் தராசு போதும், உருகின தண்ணீரை வடித்து நிறுத்துப் பாருங்கள்.

தோராயமாக ஒரு கணக்கு. பெட்டியின் பரப்பு ஒரு சதுர மீட்டர், வெளியே 30 டிகிரி, உள்ளே 0 என்று வையுங்கள். 5 செ.மீ. பாலியூரித்தேன் ஃபோம் என்றால் சுமார் 15 வாட் உள்ளே வரும், ஒரு நாளைக்கு ஏறக்குறைய 4 கிலோ ஐஸ் காலி. கனம் பாதியானால் 8 கிலோ. மூடி இடுக்கில் புகும் காற்றைச் சேர்க்கவில்லை.

வெயில்வாசி:
சரி. ஆனால் முதல் மணி நேரத்தில் நல்ல பெட்டியில் அதிகம் உருகியது ஏன்?

குளிர்பெட்டிக்காரன்:
பெட்டி அதுவரை எங்கே கிடந்தது? சூடான இடத்தில் கிடந்திருந்தால் அந்தக் கனத்த சுவரே தான் குளிர்வதற்காக ஐஸைத் தின்னும். முதல் நாள் இரவே கொஞ்சம் ஐஸ் போட்டு மூடி வையுங்கள், காலையில் அதைக் கொட்டிவிட்டு ஆரம்பியுங்கள். கேனையும் குளிரவைத்தே போடுங்கள். உங்கள் 12 கேன் கிட்டத்தட்ட 4 லிட்டர், அது 30 டிகிரியிலிருந்து 0க்கு இறங்கவே ஒன்றரைக் கிலோ ஐஸ் வேண்டும், அது இரண்டு பெட்டியிலும் சமமாகப் போய் வித்தியாசத்தை மறைத்திருக்கும். அப்புறம் தயவுசெய்து மணிக்கொரு தரம் திறக்காதீர்கள்!

வெயில்வாசி:
கார் டிக்கியில்தான் கிடந்தது, கண்டுபிடித்துவிட்டீர்கள். நீங்கள் சொன்னபடியே இரண்டையும் குளிரவைத்து, 12 மணி நேரம் தொடாமல் விட்டு, தண்ணீரை நிறுத்தேன். சாதா பெட்டியில் 3 கிலோ 700 கிராம், விலை கூடியதில் 2 கிலோ 100. தம்பியிடம் காட்டினால், காலையில் போய்ச் சாயங்காலம் திரும்புகிற நமக்கு இது எதற்கு, சாதா பெட்டியிலும்தான் ஐஸ் மிச்சம் இருக்கிறதே என்கிறான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. இனி இரண்டு மூன்று நாள் தங்குகிற பயணத்துக்குத்தான் விலை கூடிய பெரியவரை எடுப்பதாக இருக்கிறேன், தூக்கவும் முடியவில்லை.

பழைய மெக்கானிக்:
தம்பி சொல்வது நியாயம். சாதா பெட்டியின் மூடியைத் தட்டிப் பாருங்கள், மலிவுப் பெட்டிகள் பலவற்றில் அது வெறும் கூடு, உள்ளே ஃபோம் இருக்காது.

வெயில்வாசி:
டொக் டொக் என்கிறது. பழைய போர்வை ஒன்றை நாலாக மடித்து மேலே போட்டு மறுபடியும் வைத்திருக்கிறேன், காலையில் நிறுத்துச் சொல்கிறேன்.