பிராக் யூதர் பகுதியை ஹிட்லரா விட்டுவைத்தான்?

கறார்பேர்வழி:
பிராக் போய் வருகிற எல்லாரும் ஒரே கதையைத்தான் எழுதுவீர்களா? உலகஞ்சுற்றியின் பயணக் குறிப்பில் மறுபடி அதே வரி: “அழிந்துபோன இனத்தின் அருங்காட்சியகம்” வைக்கத்தான் ஹிட்லர் யோசெஃபோவ் என்ற பழைய யூதர் பகுதியை இடிக்காமல் விட்டானாம். அப்படியோர் உத்தரவு எங்கே? ஆய்வாளர்கள் தேடியும் கிடைக்கவில்லை. உங்களுக்கு மட்டும் கிடைத்ததா?

உலகஞ்சுற்றி:
எங்கள் வழிகாட்டி அந்த ஊர்க்காரர். பழைய கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்று அவர்தான் சொன்னார். அவருக்குத் தெரியாதது அம்பத்தூரில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியுமோ?

கறார்பேர்வழி:
வாசலில் நின்றா? சனிக்கிழமை போயிருப்பீர்கள், அன்றைக்கு விடுமுறை. சரி, ஹிட்லர் விட்டுவைக்க அங்கே என்ன மிச்சம் இருந்தது? 1893-லேயே சட்டம் போட்டுச் சந்து சந்தாக இடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். நீங்கள் பல்லைக் காட்டிப் படம் எடுத்துக்கொண்ட பாரிஸ் வீதி, அப்படி இடித்த இடத்தில் வந்ததுதான். ஆறு யூதத் தொழுகைக்கூடம், யூத நகரமன்றம், கல்லறை, தப்பியது அவ்வளவுதான்.

கொங்குமல்லி:
நான் உள்ளே போனேன். பிங்காஸ் தொழுகைக்கூடத்துச் சுவர் முழுக்கக் கொல்லப்பட்டவர்களின் பெயர்கள், ஏறக்குறைய 78,000. குடும்பப்பெயர் சிவப்பில், இரண்டு பெயருக்கு நடுவே விரல் நுழைய இடமில்லை. மாடியில், நாஜிகள் யூதர்களை அடைத்துவைத்த தெரேசின் முகாமில் குழந்தைகள் வரைந்த படங்கள். இதைப் பற்றி ஒரு வரி எழுத உங்கள் இருவருக்கும் நேரமில்லை.

உலகஞ்சுற்றி:
மேடம், அந்த டிக்கெட் விலைக்கு இரண்டு வேளை சாப்பிடலாம். நகரமன்றத்தில் எதிர்ப்பக்கம் சுற்றும் கடிகாரத்தைத் தெருவிலிருந்தே பார்த்தாகிவிட்டது.

கொங்குமல்லி:
சாப்பிடத்தான் பிராக் போனீர்களா? உங்கள் ஆல்பத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

புதுவைவாத்தியார்:
கறார் சார், 1942-ல் நாஜிகளின் பிடியில் அங்கே மத்திய யூத அருங்காட்சியகம் நடந்ததே? பொஹிமியா, மொராவியா என்ற செக் பகுதிகளின் ஊர்களில் ஆட்களைப் பிடித்துப் போனபின் தொழுகைக்கூடத்துத் திரைச்சீலை, வெள்ளிச் சாமான், புத்தகம் எல்லாம் அங்கேதான் வந்து குவிந்தது. அது எதற்கு, கொலு வைக்கவா?

கறார்பேர்வழி:
யோசனை சொன்னவர்களே யூத சமூகத்து ஊழியர்கள். பொருளாவது பிழைக்கட்டும் என்று நினைத்தார்கள். நாஜிகளின் எஸ்.எஸ். படை ஒப்புதல் கொடுத்தது. பிறகு அந்த ஊழியர்களிலேயே பெரும்பாலோரை முகாமுக்கு அனுப்பியது. அருங்காட்சியகம் என்ற ஏற்பாடே 1906-ல் யூதர்கள் தொடங்கியது. ஹிட்லருக்கு ரசிகர் மன்றம் நடத்தாதீர்கள். உத்தரவு எங்கே?

புதுவைவாத்தியார்:
யாருக்கு யார் ரசிகர் மன்றம்? வார்த்தையை அளந்து பேசுங்கள். எஸ்.எஸ். ஏன் ஒப்புக்கொண்டது என்பதற்குப் பதிலைக் காணோம்.

கறார்பேர்வழி:
ஏன் என்பது வேறு கேள்வி. நான் கேட்டது உத்தரவு. விசா இழையில் மூக்குடைபட்ட கோபத்தை இங்கே கொட்டாதீர்கள்.

புதுவைவாத்தியார்:
விசா இழையில் பாதியில் ஓடியது யார் என்று எல்லாருக்கும் தெரியும்.

சும்மாபோறவன்:
அண்ணே, மகரால் என்ற யூத மதகுரு (ரப்பி) செய்ததாகக் கதை சொல்லும் களிமண் மனிதன் கோலெம் இன்னும் பழைய-புதிய தொழுகைக்கூடத்துப் பரணில் கிடக்கிறதாமே, உண்மையா?

கறார்பேர்வழி:
அதையும் உலகஞ்சுற்றியின் வழிகாட்டியிடமே கேளுங்கள் தம்பி. ரப்பி இறந்தது 1609. ஹிட்லர்தான் கோலெமையும் விட்டுவைத்தான் என்பார்.

உலகஞ்சுற்றி:
கிண்டல் போதும். பிராக் விமான நிலையத்தையாவது கண்ணால் பார்த்திருக்கிறீர்களா?

கறார்பேர்வழி:
பார்த்தால் உத்தரவு கிடைக்குமா?

உலகஞ்சுற்றி:
என் குறிப்பில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற மாட்டேன். அடுத்து புடாபெஸ்ட் எழுதப்போகிறேன், அங்கேயும் வாருங்கள்.

கறார்பேர்வழி:
வருவேன். இந்தமுறை சனிக்கிழமை போகாதீர்கள்.