போர் தண்ணிக்கு சீயக்காய் சரிப்படுமா? என்ன அளவு, எப்படி அரைக்கணும்?

அடிபம்பு_தண்டையார்பேட்டை

ஷாம்புவை விட்டுட்டு சீயக்காய்க்கு மாறலாம்னு இருக்கோம். மெட்ரோ தண்ணி (சென்னைக் குடிநீர் வாரியம் விடுறது) காலையில கொஞ்ச நேரம்தான் வருது, சமையலுக்கும் குடிக்கவும் சரியாப் போயிடும். குளிக்கிறது போர் தண்ணி. குழாய் முனையில வெள்ளையாப் பூத்து நிக்கிற அளவுக்கு உப்பு. கடையில வாங்கின தூளைப் போட்டா நுரையே வரல, தலை காய்ஞ்சதும் பொடி உதிருது, முடி தேங்காய் நார் மாதிரி விறைக்குது. தூள் சரியில்லையா, தண்ணி சரியில்லையா? வீட்லயே அரைச்சா அளவு என்ன? இடுப்பு வரைக்கும் முடி, எண்ணெய்ப் பிசுக்கு அதிகம். நாலு வயசுக் குழந்தைக்கும் இதையே போடலாமா?

கொருக்குப்பேட்டை_கேட்

பாதிக்கு மேல தண்ணிதான் காரணம். நம்ம பக்கத்து போர் தண்ணியில சுண்ணாம்பும் இருக்கு, உப்பும் இருக்கு. சோப்புக் கட்டி தேய்ச்சா அது சுண்ணாம்போட சேர்ந்து திரிஞ்சு, பிசுபிசுன்னு முடியில ஒட்டிக்கும். சீயக்காயிலயும் பூந்திக்கொட்டையிலயும் நுரைக்கிறது சப்போனின். அது சோப்பு மாதிரி திரியாது. அதனால போர் தண்ணிக்கு சோப்பை விட சீயக்காய் தேவலை. ஆனா நுரை கம்மியாத்தான் வரும். நுரை வரலையேன்னு இன்னும் ரெண்டு கை தூள் அள்ளிப் போட்டா, அதுதான் அலசுப்படாம தங்கி, காய்ஞ்சு உதிருது.

குளியல் முழுக்க நல்ல தண்ணி வேணும்னு இல்ல. தூள் கரைக்கவும் கடைசி அலசலுக்கும் இருந்தாப் போதும், எல்லாம் சேர்த்து அரை பக்கெட்டுக்குள்ள முடிஞ்சிடும். நடுவுல எவ்வளவு வேணா போர் தண்ணியில அலசிக்கங்க. கரைக்கிறதுக்கு இன்னும் சுலபமான வழி, சோறு வடிச்ச கஞ்சி. அது எப்படியும் மெட்ரோ தண்ணியில வடிச்சதுதானே! கெட்டியா இருந்தா ஒரு பங்கு கஞ்சிக்கு ஒரு பங்கு தண்ணி விட்டு, வெதுவெதுன்னு ஆனதும் தூளைக் கரைங்க. குக்கர்ல சோறு வைக்கிற வீடுன்னா அரிசி களைஞ்ச ரெண்டாவது தண்ணி.

போர் தண்ணியைக் காய்ச்சினா சுண்ணாம்புல ஒரு பகுதி அடியில படியும், தெளிவை மட்டும் இறுத்துக்கலாம். உப்பு போகாது, தண்ணி சுண்டச் சுண்ட கரிப்பு கூடத்தான் செய்யும். மீஞ்சூர் பக்கம் மாதிரி கடல் நீர் நிலத்தடியில புகுந்த இடங்கள்ல காய்ச்சுறது கேஸுக்குத்தான் நஷ்டம்.

மாவுமில்_வாசல்

அரைக்கிற கணக்கு: சீயக்காய் 1 கிலோ, பச்சைப்பயறு கால் கிலோ, வெந்தயம் 100 கிராம், பூந்திக்கொட்டை (கொட்டை நீக்கின தோல் மட்டும்) 150 கிராம், பூலாங்கிழங்கு 50 கிராம், காய்ஞ்ச செம்பருத்தி இலை ரெண்டு கை, காய்ஞ்ச எலுமிச்சைத் தோல் ஒரு கை. உங்களுக்குப் பிசுக்கு அதிகம்னு சொல்றதால பூந்திக்கொட்டையை 200 வரைக்கும் ஏத்தலாம். அதுக்கு மேல போனா தலைத்தோல் வறண்டு அரிக்கும். வெந்தயம் வழவழப்புக்காக. அதையும் அள்ளிப் போடாதீங்க, அந்தக் கொழகொழப்பு உப்புத் தண்ணியில லேசுல போகாது.

பூந்திக்கொட்டைக்குள்ள இருக்கிற கறுப்பு விதையை ஒண்ணு விடாம எடுத்துடணும். அதுல நுரை கிடையாது, மெஷினையும் பதம் பார்க்கும். எல்லாச் சாமானும் பாரிமுனையில இறங்கி ராசப்ப செட்டி தெரு நாட்டு மருந்துக் கடைகள்ல ஒரே நடையில கிடைக்கும். சீயக்காய் வாங்கும்போது காயை ஒடிச்சுப் பாருங்க, படக்குனு முறியணும். வளைஞ்சா ஈரம். ஓட்டுல பொடி ஓட்டை இருந்தா பூச்சி அரிச்சது, விட்டுடுங்க.

வெயில்ல ரெண்டு மூணு நாள் காயணும். ராயபுரம், காசிமேடுன்னு கடலோரமா இருக்கிறவங்க நாலு மணிக்கு முன்னாடியே மொட்டை மாடியில இருந்து உள்ளே எடுத்துடுங்க, சாயங்காலக் காத்து திரும்ப ஈரத்தை ஏத்திடும். எண்ணூர்ப் பக்கம்னா சாம்பல் தூசி படியாம மேல ஒரு மெல்லிசு வேட்டியைப் போட்டு மூடிடுங்க. ஐப்பசி, கார்த்திகையில அரைக்கவே வேண்டாம். ஈரத்தோட அரைச்ச தூள் கட்டி தட்டி, பூசணம் பிடிச்சு, நாறும்.

மில்லுல சீயக்காய்க்குன்னு தனி மெஷின் இருக்கான்னு கேட்டுட்டுக் கொடுங்க. மிளகாய் அரைச்சதுலயே ஓட்டினா மண்டை எரிச்சல் உங்களுக்கு, மாவு மெஷின்ல ஓட்டினா அடுத்து வர்றவங்க கோதுமை மாவு கசக்கும். அரைச்சு வந்ததும் பேப்பர்ல பரப்பி சூடு ஆறவிட்டு, சல்லடையில சலிங்க. தலையில உதிருதுன்னு சொன்னீங்களே, அது சலிக்காத கப்பி. அந்தக் கப்பி பித்தளைப் பாத்திரம் தேய்க்க நல்லா இருக்கும். பயறு இருக்கிறதால தூள்ல வண்டு விழும். ரெண்டு மாசத் தேவையை டப்பாவுல வச்சுட்டு மீதியை காத்துப் புகாம ஃப்ரிட்ஜுல வைங்க.

பழைய_வண்ணை

மேல சொன்ன அளவு சரி. ஆனா இடுப்பு வரைக்கும் முடின்னா தூளை விட ஊறவச்ச சாறுதான் என் ஓட்டு, அலச வேண்டிய தண்ணியே பாதியாயிடும். சீயக்காய் எட்டு, விதை எடுத்த பூந்திக்கொட்டை ஆறு, காய்ஞ்ச நெல்லிக்காய் ஒரு சின்னக் கைப்பிடி. முக்கால் லிட்டர் நல்ல தண்ணியில ராத்திரியே ஊறப் போடுங்க. காலையில சின்னத் தீயில பத்து நிமிஷம், பொங்கி வழியும், பக்கத்துலயே நில்லுங்க. ஆறினதும் நல்லாப் பிசைஞ்சு துணியில வடிகட்டினா ஒரு தலைக்கு ஆச்சு. எவர்சில்வர் பாத்திரம்தான். இரும்புச் சட்டியில போட்டா நெல்லிக்காயோட துவர்ப்பு இரும்போட சேர்ந்து சாறு கறுப்பாயிடும். நரை முடிக்கு அதையே வேணும்னு செய்றவங்க உண்டு, துண்டு கறை படும். மிஞ்சினது ஃப்ரிட்ஜுல மூணு நாள், புளிச்ச வாடை வந்தா கீழே கொட்டிடுங்க.

ஸ்டோர் வீட்ல பொதுக் குளியலறைன்னா சாறுதான் மரியாதை. தூள் தேங்கி சாக்கடைக் குழாய் அடைச்சா முதல்ல உங்க வீட்டுக் கதவைத்தான் தட்டுவாங்க.

நல்லெண்ணெய் தேய்ச்ச அன்னிக்கு ஒரே தடவையில போகணும்னு அழுத்தித் தேய்க்காதீங்க. பாதிச் சாறு போட்டு அலசி, மீதியை ரெண்டாவதாப் போடுங்க. இல்லன்னா அன்னிக்கு மட்டும் அரப்புத் தூள். அது இலைத் தூள், எண்ணெயை நல்லா இழுக்கும்.

அடிபம்பு_தண்டையார்பேட்டை

ரொம்ப நன்றிங்க. கஞ்சி விஷயம் தோணவே இல்ல. ஆப்பசோடா ஒரு ஸ்பூன் கலந்தா நுரை வரும், உப்பும் போகும்னு பக்கத்து வீட்ல சொல்றாங்க. எலுமிச்சம்பழமும் பிழியச் சொல்றாங்க. குழந்தைக்கு என்ன பண்றது?

கொருக்குப்பேட்டை_கேட்

ஆப்பசோடா வேண்டாம். அது காரம், அதாவது புளிப்புக்கு எதிர்; பிஎச்னு அளந்தா 8க்கு மேல. தலைத்தோல் 5.5 வாக்குல புளிப்புப் பக்கம் இருக்கிறது. காரம் பட்டா முடியோட மேல் செதில் விரிஞ்சு சிக்கு விழும், உடையும். உப்பும் போகாது. எலுமிச்சை நேர் எதிர், சுண்ணாம்புப் படிவைக் கொஞ்சம் கரைக்கும். ஆனா நேரா மண்டையில பிழியக் கூடாது. ஒரு மக்கு நல்ல தண்ணிக்கு ஒரு டீஸ்பூன் சாறு, கடைசி அலசலுக்கு முன்னாடி ஊத்தி, அப்புறம் வெறும் தண்ணி. புண், கீறல் இருந்தா அதுவும் வேண்டாம்.

மாவுமில்_வாசல்

குழந்தை கிட்ட பூந்திக்கொட்டையே கொண்டு வராதீங்க, கண்ணுல பட்டா பயங்கர எரிச்சல். பத்துப் பதினஞ்சு செம்பருத்தி இலையைக் கழுவி, தண்ணி விட்டுக் கசக்கி வடிகட்டி, அதுல ரெண்டு ஸ்பூன் சலிச்ச பயத்தமாவு போதும். அன்னன்னிக்குக் கசக்கணும். தலையைப் பின்னாடி சாய்ச்சு ஊத்துங்க. பெரியவங்களுக்கும் அதேதான்: சீயக்காய் கண்ணுல போனா தேய்க்காம நல்ல தண்ணியில சில நிமிஷம் விடாமக் கழுவணும், சிவப்பும் வலியும் நிக்கலன்னா டாக்டர்.

தூளை ஃபேன் கீழ கொட்டிக் கரைக்காதீங்க, மூக்குல ஏறித் தும்மல் நிக்காது. இளைப்பு இருக்கிறவங்க வீட்ல சாறே போட்டுக்கங்க.

பழைய_வண்ணை

ஒண்ணு விட்டுப்போச்சு. பாட்டில்ல "சீயக்காய்"னு பெருசா எழுதியிருக்கிறதை வாங்கினா பின்னாடி திருப்பிப் படிங்க. தண்ணிக்கு அடுத்த பேரே சோடியம் லாரெத் சல்பேட்னா அது ஷாம்புதான், சீயக்காய் வாசனைக்கு. அப்புறம் பொடுகு செதில் செதிலாச் சிவந்து வருதுன்னா சீயக்காயால அது தீராது. தோல் டாக்டர் கீட்டோகோனசோல் ஷாம்பு எழுதிக் கொடுத்தா அவர் சொல்ற நாள் வரைக்கும் அதைப் போட்டு முடிச்சுட்டு இங்க திரும்பி வாங்க.